வெள்ளிக்கிழமைத் தாள்

ஸ்காபரோ
18.9.1983

அன்புள்ள அன்ரனெற்றுக்கு,

மட்டக்களப்பு கொன்வென்ரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் உன் பக்கத்துக் கதிரையில் இருந்த தெய்வநாயகி எழுதுகிறேன். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதே. இங்கே நூலகத்தில் பஃபலோ டெலிபோன் புத்தகமும் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துநாயகம் என்ற பெயரில் அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், உன் மனிசன்.

நாங்கள் இருப்பது பதினோராம் மாடி. அன்ரெனாவை யன்னலோடு சாய்த்து வைத்தால் ரொறன்ரோச் சனலைவிட உங்கள் பஃபலோச் சனல்தான் தெளிவாக விழும். பஃபலோவைச் சுற்றி எந்த வீடு தீப்பிடித்தாலும் எனக்குத் தெரியாமல் போகாது. நான் இங்கிலீஷ் படித்ததே அந்தத் தீயணைப்புச் செய்திகளில்தான். போன வியாழக்கிழமை ஏதோ பாலம் திறந்தார்கள். வீட்லி என்ற காங்கிரஸ் உறுப்பினர் நாடா வெட்டினார். அவருக்குப் பின்னால் ஒருத்தி பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மூக்குக்கண்ணாடியை மணிக்கட்டால் மேலே தள்ளினாள். விரலால் இல்லை, மணிக்கட்டால். உலகத்தில் வேறு யார் அப்படித் தள்ளுவது?

"இஞ்ச வாங்க, நம்மட அன்ரனெற்!" என்று கத்தினேன். இவர் ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். "டிவிக்க போய் அவவைக் கூட்டிக்கொண்டு வரப்போறியா? சோத்தைப் போடு" என்றார்.

ஜூலையில் நம் நாட்டில் நடந்ததை உனக்கு நான் எழுதத் தேவையில்லை. என் தம்பி மாமாங்கம் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். மூன்று நாள் ஒரு சிங்களக் குடும்பத்தின் குளியலறையில் ஒளிந்திருந்துவிட்டு, முகாமுக்குப் போய், இப்போது மட்டக்களப்பில் இருக்கிறான். உனக்கு அவனைத் தெரியும். அம்மா செத்தபோது நாற்பது நாள் குழந்தை. அவனை வளர்க்கத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு நீ கொண்டுவந்து தந்த புத்தகங்களை அவனை மடியில் போட்டுக்கொண்டுதான் படித்தேன். எனக்குப் பிள்ளை இல்லை, அன்ரனெற். அவன்தான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் முதலாளி அந்தப் பெரிய சபையில் எழும்பி எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லவேணும். அவரிடம் சொல்லுவாயா?

உன்
தெய்வநாயகி


பஃபலோ
2.10.1983

என் தெய்வம்,

உன் கடிதத்தைப் பிரித்துவிட்டு அழுதேன். இவர் யாரோ செத்துவிட்டதாக நினைத்துச் சிலுவை போட்டார்.

உண்மையைச் சொன்னால், நான் அங்கே பெரிய ஆள் இல்லை. எட்டு வருடமாக மிஸ்டர் வீட்லிக்கு வருகிற தபாலைப் பிரிக்கிறேன். நீ அவரிடம் எதையாவது எதிர்பார்க்க முன்னர், அந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் நடுவில் நிற்கிறவர். இரண்டு கட்சிக்காரரும் அவருக்கு வோட்டுப் போடுவார்கள். 1972இல் இருந்து தோற்றதில்லை. பென்சன் வராத கிழவிக்கும், பாஸ்போர்ட் தொலைத்தவனுக்கும், தொகுதியில் உள்ள ஒருத்தர் எழுதிக் கேட்டால் போதும், உயிரைக் கொடுத்து அலைவார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கருத்துச் சொல்லவேண்டும் என்றால் அது வேறு கதை. வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் ஒரு தாளில் கோடு போடவேண்டும். ஆதரவு இடது பக்கம், எதிர்ப்பு வலது பக்கம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தத் தாள் அவர் மேசைக்குப் போகும். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் ஆள் அசைவார். சரிசமமாக இருந்தால் அசையமாட்டார்.

முந்தி இப்படி இல்லை. 1979இல் வியட்நாமில் இருந்து படகில் வந்தவர்களுக்காகத் தாளைப் பார்க்காமலே எழும்பிப் பேசினார். அடுத்த தேர்தலில் நானூறு வோட்டில்தான் தப்பினார். அதற்குப் பிறகு தாளைப் பார்க்காமல் குடை விரிப்பதுகூட இல்லை.

என்றாலும் உனக்காகக் கேட்டேன். சபைக் குறிப்பில் ஒரு அறிக்கை போட்டிருக்கிறார். பிரதி இத்துடன்.

அன்புடன்
அன்ரனெற்


ஸ்காபரோ
11.12.1983

அன்புள்ள அன்ரனெற்,

அறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு நாலு தரம் படித்தேன். "இரு தரப்பினரும் நிதானத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்."

குளியலறையில் மூன்று நாள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தானே, அதைவிட என்ன நிதானத்தை மாமாங்கம் கடைப்பிடிப்பது? அந்த மனிசனிடம் கேட்டுச் சொல்லு.

கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக எடுக்காதே. நீ முயற்சி செய்தாய், அது எனக்குத் தெரியும். உங்கள் அலுவலகத்தின் மாதப் பத்திரிகையை எனக்கும் அனுப்பு. அதில் அவர் எதற்கு ஓம் என்றார், எதற்கு இல்லை என்றார் என்று போடுவார்களாமே. நான் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன். உன்ர தாளில் இரண்டு பக்கம் என்றால் என் கொப்பியில் மூன்று பக்கம்: ஓம், இல்லை, நழுவல்.

தெய்வநாயகி


பஃபலோ
14.10.1984

தெய்வம்,

அடுத்த மாதம் தேர்தல். அவர் வெல்லவேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்வதற்கு நட்சத்திரம் கேட்டிருந்தாய். உன் கொப்பியில் நழுவல் இருபத்தாறு என்று திட்டி எழுதிய அதே கடிதத்தின் கடைசி வரியில் அர்ச்சனையா? உன்னைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை.

பிறந்த திகதி 3.5.1927. நேரம் வேணும் என்றாயே, அதையும் கேட்டேன். "எதற்கு?" என்றார். கனடாவில் ஒரு தோழி உங்களுக்காகப் பிரார்த்திக்கிறாள், அவர்களுடைய முறைக்கு நேரம் தேவை என்றேன். அவர் சிரிக்கவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். அதுதான் அவர் எல்லாவற்றுக்கும் சொல்லுகிற பதில். ஆகவே காத்திருக்காதே.

அன்ரனெற்


ஸ்காபரோ
25.11.1984

அன்புள்ள அன்ரனெற்,

வென்றுவிட்டார் என்று பஃபலோச் சனல் சொன்னது. அர்ச்சனை வீண்போகவில்லை. நட்சத்திரம் தெரியாததால் ஐயர் பட்டபாட்டைச் சொல்லவேணும்.

"பெயர்?"

"எல்டன் வீட்லி."

"என்ன அம்மா, வெள்ளைக்காரரோ?"

"ஓம் ஐயா. நல்ல மனிசன். வாய்தான் திறக்காது."

"நட்சத்திரம்?"

"விசாரிச்சுச் சொல்லுறன் எண்டவர்."

பின்னால் நின்ற எட்டாம் மாடி இராசமணி அக்கா சிரித்த சிரிப்பில் தீபம் அணைந்திருக்கும். கடைசியில் ஐயர் சுவாமி பேரிலேயே செய்து முடித்தார். பிள்ளையார் தனக்குத் தானே அர்ச்சனை செய்துகொண்ட மாதிரி ஆயிற்று. உன் முதலாளிக்கு அதில் பங்கு கிடைத்ததா தெரியாது.

வென்ற கையோடாவது வாயைத் திறக்கச் சொல்லு.

தெய்வநாயகி


ஸ்காபரோ
1.2.1987

அன்புள்ள அன்ரனெற்,

வருடப்பிறப்பு வாழ்த்து மட்டைகளைத் தவிர நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக எழுதியே கனகாலம். இப்போது எழுதவேண்டி வந்துவிட்டது.

மாமாங்கம் வெளிக்கிட்டுவிட்டான். ஏஜென்சிக்காரன் அமெரிக்காவுக்குள் இறக்கி, அங்கிருந்து உங்கள் ஊர்ப் பாலத்தால் கனடாவுக்குள் அனுப்புவானாம். எந்த நாள் என்று தெரியாது. இடையில் அமெரிக்காவில் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் பயப்படுத்துகிறார்கள்.

உங்கள் சபையில் ஒரு சட்டமூலம் வந்திருக்கிறது என்று பேப்பரில் படித்தேன். சண்டை நடக்கிற நாடுகளுக்கு இரண்டு வருடம் ஒருவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று. பெயர்ப்பட்டியலில் நம் நாடும் இருக்கிறது. வீட்லி அந்தக் குழுவில் உறுப்பினர். இதற்கு மேலே எனக்கு என்ன அறிகுறி வேணும்?

நீ சொன்ன தாள் எனக்கு மறக்கவில்லை. கோடு தேவை என்றால் கோடு போடவைக்கிறேன் என்று நானும் இராசமணி அக்காவும் ஒரு மாதம் ஏறி இறங்கினோம். எங்கள் கட்டடம், பக்கத்துக் கட்டடங்கள், மில்லிக்கன் வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்பி வரைக்கும் இவர் காரில் கொண்டுபோனார். ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே எழுதவேணும் என்று பிடிவாதமாக நின்றேன். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். இராசமணி அக்கா பனியில் வழுக்கி விழுந்து கை சுளுக்கினா. அந்தக் கையாலேயே கையெழுத்தும் போட்டா.

முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதம். பெட்டியில் கட்டி பஸ் பார்சலில் உன் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் இடது பக்கம்.

தெய்வநாயகி


பஃபலோ
12.2.1987

தெய்வம்,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. இவ்வளவு பாடுபட்டிருக்கிறாய். இராசமணி அக்காவின் கை இப்போது எப்படி?

வேலை கூட. பிறகு எழுதுகிறேன்.

அன்ரனெற்


ஸ்காபரோ
1.3.1987

அன்ரனெற்,

போனில் அழத்தான் முடிந்தது, அதனால் எழுதுகிறேன். பிள்ளை பாலத்துக்கு வந்தது 24ஆம் திகதி. கனடாவின் புதுச் சட்டம் வந்து நாலே நாள். நாலு நாளுக்கு முந்தி வந்திருந்தால் உள்ளே எடுத்து, இங்கேயே கேஸ் நடத்தியிருப்பார்கள். இப்போது ஒரு துண்டைக் கையில் கொடுத்து, ஏப்ரல் 21ஆம் திகதி வா, அதுவரைக்கும் அமெரிக்காவில் இரு என்று திருப்பிவிட்டார்கள். திரும்பி நடந்தவனை அமெரிக்கன் பிடித்து, நாடுகடத்தும் வழக்கு ஏப்ரல் 14 என்று இன்னொரு துண்டைக் கொடுத்திருக்கிறான்.

பதினாலுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஏழு நாள். அந்த ஏழு நாளுக்குள் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டால்?

நானும் இவரும் பாலத்தின் இந்தப் பக்கம் வந்து நின்றோம். எங்களுக்கு அமெரிக்க விசா இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளை நிற்கிறான் என்று தெரியும். என்னத்தைப் பார்க்கிறது? பனிதான் தெரிந்தது.

நீ போய்ப் பார். சாப்பாடு கொடு. அவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது.

தெய்வநாயகி


பஃபலோ
8.3.1987

தெய்வம்,

பார்த்தேன். எங்கள் கோயில் மண்டபத்திலேயே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். மாமாங்கம் மேடையின் கீழே படுக்கிறான். என்னைக் கண்டதும், "அன்ரனெற் அக்காவா? கண்ணாடியத் தள்ளிக் காட்டுங்க பாப்பம்" என்றான். தள்ளிக் காட்டினேன். "சரி, அவதான்" என்று மற்றவர்களுக்குச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். கத்தரிக்காய் போடவில்லை.

வழக்கறிஞர் ஒருவர் இலவசமாக வருகிறார். நீதவான் கடுமையான ஆள், ஒரே நாளில் தீர்த்துவிடுவார் என்கிறார். சட்டமூலம் நிறைவேறினால் பயமில்லை. 17ஆம் திகதி குழுவில் வோட்டெடுப்பு. நானும் மாதாவிடம் கேட்டிருக்கிறேன்.

அன்ரனெற்


ஸ்காபரோ
19.3.1987

அன்ரனெற்,

பஃபலோச் சனல் ஆறு மணிச் செய்தி. ஓம் என்று பதினேழு, இல்லை என்று பதினேழு. எல்டன் வீட்லி: "சமூகமளித்தேன்." அவ்வளவுதான். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. வந்திருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். சரிசமம் என்றால் சட்டமூலம் செத்தது என்றுதான் கணக்காம்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "என் தொகுதியில் இருந்து இதுபற்றி இருபது கடிதங்களே வந்தன. ஒன்பது ஆதரவு, பதினொன்று எதிர்ப்பு. மக்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்."

இருபதா?

முந்நூற்றுப் பன்னிரண்டு எங்கே, அன்ரனெற்?

இரவே உனக்குப் போன் எடுத்தேன். "தெய்வம், அது வந்து..." என்று இழுத்தாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். இராசமணி அக்கா காலையில் கதவைத் தட்டி, "என்ன புள்ள, நம்மட கடிதமெல்லாம் காத்தில பறந்திட்டா?" என்று கேட்கிறா. நான் என்ன சொல்லட்டும்?

தெய்வநாயகி


பஃபலோ
24.3.1987

தெய்வம்,

பெட்டி என் மேசைக்குக் கீழே இருக்கிறது. கால் நீட்டும்போதெல்லாம் இடிக்கிறது.

தொகுதிக்கு வெளியில் இருந்து வரும் கடிதத்துக்குக் கோடு போடக்கூடாது. அதுதான் விதி. பக்கத்துத் தொகுதிக் கடிதமே தாளில் ஏறாது. கனடாவில் இருந்து வந்தால் பிரிக்கவே தேவையில்லை. உன் கடிதங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் ஸ்காபரோ, மில்லிக்கன், விட்பி. எல்லாரும் அழகாக விலாசம் எழுதியிருந்தார்கள்.

பெட்டி வந்த அன்றே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். பேனையை எடுத்தேன். இராசமணி அக்கா விழுந்த கதையை நீ எழுதியிருந்தாய். "பத்திரமாக வந்து சேர்ந்தது" என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம், அது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருடம் அந்த மனிசனோடு இருந்து நானும் அவரைப் போல எழுதப் பழகிவிட்டேன் போல.

வாசித்தேன், தெய்வம். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். அதையாவது நம்பு.

அன்ரனெற்


ஸ்காபரோ
29.3.1987

அன்ரனெற்,

எனக்கு வந்த கடிதங்களை நான் எறிவதில்லை. திகதிப்படி கட்டி வைத்திருக்கிறேன். நேற்று அந்தக் கட்டை அவிழ்த்து உன் முதல் கடிதத்தில் இருந்து படித்தேன். 2.10.1983. உன் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"பென்சன் வராத கிழவிக்கும், பாஸ்போர்ட் தொலைத்தவனுக்கும், தொகுதியில் உள்ள ஒருத்தர் எழுதிக் கேட்டால் போதும், உயிரைக் கொடுத்து அலைவார்."

தொகுதியில் உள்ள ஒருத்தர்.

நீ எந்தத் தொகுதி, அன்ரனெற்? உன் வீடு எங்கே இருக்கிறது? உனக்கு வோட்டு இருக்கிறதா இல்லையா? அங்கே நம்மட சனத்தில் வோட்டு உள்ளவள் நீ ஒருத்திதானே.

கனடாக்காரி நான் முந்நூற்றுப் பன்னிரண்டு கதவு தட்டினேன். உன்ர கடிதம் எங்கே?

மூன்றரை வருடமாக எனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாய். அவருக்கு ஒன்று எழுதவில்லையே. 14ஆம் திகதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

தெய்வநாயகி


பஃபலோ
11.4.1987

தெய்வம்,

உன் கடிதம் ஒரு கிழமையாக என் கைப்பையில் இருக்கிறது. வேலைக்கு இருக்கிறவள் தன் சொந்தக் காரியத்துக்கு எழுதலாமா, வேலை போய்விடுமா, அகதிக்காரி புத்தியைக் காட்டிவிட்டாள் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லுவார்களா என்றெல்லாம் இத்தனை வருடமும் நானே எனக்கு இடதும் வலதும் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் சரிசமமாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குசினி மேசையில் இருந்து எழுதினேன். வீட்டு விலாசம் போட்டேன். முத்திரை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். கையிலே கொடுத்திருக்கலாம். ஆனால் மற்றவர்களுடையதைப் போலவே அதுவும் வரவேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை அது வந்தது. நானே பிரித்தேன். நானே திகதி முத்திரை குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்துவிட்டது.

நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டார்.

"மிஸஸ் கிறிஸ்துநாயகம், இது நீங்களா?"

"ஓம் சேர். விலாசம் கீழே இருக்கிறது."

"பன்னிரண்டு வருடம். ஒருநாளும் நீங்கள் எனக்கு எழுதியதில்லை."

"நீங்களும் என்னைக் கேட்டதில்லை, சேர்."

என் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார். பிறகு குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நானே தட்டச்சுச் செய்தேன். நாலு வரி. "இதை ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ கொள்ளவேண்டாம். என் தொகுதிவாசி ஒருவரின் வேண்டுகோளின்படி, மேற்படி நபரின் திகதியைக் கவனத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அதிலும் நடுவில்தான் நின்றார், தெய்வம்! நான் தட்டச்சில் அடித்த அடிக்கு நாடா கிழிந்திருக்கும். அந்தத் தாளை நானே காரியதரிசியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். காங்கிரஸ் உறுப்பினரின் பெயரைக் கண்டதும் அதிகாரி எழும்பி நின்றான். அரைமணி நேரம். வழக்கை ஏப்ரல் 30க்குத் தள்ளிவிட்டார்கள்.

21ஆம் திகதி பிள்ளை பாலத்தைக் கடப்பான். நீ வந்து நில்.

மற்றப் பதினொரு பேருக்கும் கேட்கலாமா என்றேன். "அவர்களும் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கவேண்டும். "இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அன்ரனெற்


பஃபலோ
18.9.1988

தெய்வம்,

பதினேழு மாதம். என் நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை. மாமாங்கம் நத்தாருக்கு மட்டை போட்டான், அதில் உன் கையெழுத்தும் இல்லை. கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனால் இதை நீ சனலில் பார்த்திருப்பாய்.

போன கிழமை கட்சிக்குள் நடந்த தெரிவில் அவர் தோற்றுவிட்டார். ஆயிரத்து நூறு வோட்டு. எதிர்த்து நின்றவன் முப்பத்துநாலு வயது. மேடைக்கு மேடை அந்த வோட்டெடுப்பைத்தான் சொன்னான்: "வந்திருந்தேன் என்று சொல்ல இவருக்குச் சம்பளமா?" இல்லை என்று சொல்லியிருந்தால் நான் வோட்டுப் போட்டிருப்பேன் என்றார்கள் சிலர். ஓம் என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்றார்கள் வேறு சிலர். பதினாறு வருடம், தெய்வம். ஒருத்தரும் வெறுக்காத மனிசனை ஒருத்தரும் காப்பாற்ற வரவில்லை. வென்றவனுக்கு அகதி என்றாலே ஆகாது.

நான் அழுதேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அலுவலகத்தைக் காலி செய்கிறோம். மேசையைத் தூக்கியபோது பெட்டியைக் கண்டு, "இது என்ன?" என்றார். சொன்னேன். "எனக்கு ஏன் சொல்லவில்லை?" "உங்கள் விதி, சேர்." பெட்டியைத் திறந்து, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். இரண்டு நாள் கதவு பூட்டியிருந்தது.

அன்ரனெற்


ஸ்காபரோ
27.12.1988

அன்புள்ள அன்ரனெற்,

தம்பியை வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பாய். அப்படி நினைத்தால் பிழை இல்லை.

அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியதாக மாமாங்கம் வந்து சொன்னான். ஒருவன் மேடைக்குக் கீழே இவனுக்குப் பக்கத்தில் படுத்தவன். அன்றைக்கு உனக்கு எழுதப் பேனையை எடுத்தேன். திட்டுவதா, நன்றி சொல்லுவதா? இரண்டும் ஒரே அளவு இருந்தது. சரிசமமாக இருந்தால் ஆள் அசையமாட்டார் என்று எழுதினாயே, நானும் அசையவில்லை. அவருடைய நழுவல்களை எழுதி எழுதிக் கொப்பி நிறைத்தவள் நான். கடைசியில் என் பெயருக்கும் அதில் ஒரு வரி போடவேண்டி வந்துவிட்டது. அதற்கு வெட்கப்பட்டு இன்னும் கொஞ்ச நாள் எழுதாமல் இருந்தேன்.

இப்போது எழுதாமல் இருக்க முடியாதபடி ஒரு காரியம் நடந்திருக்கிறது.

போன கிழமை காலையில் இராசமணி அக்கா கதவைத் தட்டினா. கையில் நீள உறை, காங்கிரஸ் முத்திரை. "புள்ள, எனக்கு அமெரிக்கா விசா வந்திருக்குகா!" என்றா. வாங்கிப் பார்த்தேன். "உங்கள் கடிதத்துக்கு நன்றி. உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன். எல்டன் வீட்லி." அதை விளங்கப்படுத்தி முடிக்க முன்னர் போன் அடித்தது. பிறகு நிற்கவே இல்லை. மில்லிக்கனில் இருந்து, விட்பியில் இருந்து. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியே, பேனையால் போட்ட கையெழுத்தோடு! இரண்டு வருடம் பிந்தி! கவனத்தில் எடுக்கிறாராம். பதவி முடிய இன்னும் ஒரு கிழமை. எதை வைத்து எடுப்பார்? மூன்று நாளாக என் வீட்டில் சமையல் இல்லை. ஒவ்வொருவருக்கும், இல்லை, விசா இல்லை, இல்லை, வேலையும் இல்லை, அவர் தோற்றுப்போனார், ஓம், தோற்ற பிறகுதான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. "இனிக் கையெழுத்துக் கேட்டு ஆரும் வரட்டும் பாப்பம்" என்று இவர் சிரிக்கிறார்.

எனக்கு வந்ததில் மட்டும் அடியில் கையால் இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

முதல் வரி: "நீங்கள் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே நினைத்தேன்."

அன்றைக்கே நினைத்தாராம்! படித்துவிட்டு அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன், அன்ரனெற். என் வாழ்க்கையில் முதல்தரம் ஒரு கடிதத்தைக் கசக்கினேன். நினைத்தவர் சொல்லியிருந்தால் பதினேழு பதினெட்டாகியிருக்கும். ஒரு சொல். அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்கேயோ.

பிறகு குப்பைக் கூடையில் இருந்து எடுத்து நீவினேன். இரண்டாவது வரியை நான் அப்போது பார்க்கவில்லை. "அதிகாலை இரண்டு மணி பத்து நிமிடம் என்று என் தமக்கை சொல்கிறாள்."

நாலு வருடம் விசாரித்திருக்கிறார்.

நேற்றுக் கோயிலுக்குப் போய் அவர் பிறந்த திகதியையும் நேரத்தையும் கொடுத்தேன். ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நட்சத்திரம் கணித்தார். "பதவியில இல்லாத ஆளுக்கு இப்ப என்ன வேண்டுதல் அம்மா?" என்று கேட்டார். "அடுத்த பிறப்பிலயாவது நேரத்துக்கு வாய் திறக்கட்டும் ஐயா" என்றேன். இந்த முறை பேரும் நட்சத்திரமும் சரியாகச் சொல்லி அர்ச்சனை நடந்தது. கோபம் தீரவில்லை. தீரும் என்று நினைத்து நான் செய்யவும் இல்லை.

உனக்கு இனி அந்த வேலை இல்லைதானே. சனிக்கிழமை பஸ் எடு. மாமாங்கம் வந்து உன்னை ஏற்றுவான். இராசமணி அக்கா உன்னைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கவேணும் என்று காத்திருக்கிறா. கேட்கட்டும், நீ வாங்கிக்கொள்ளு. பிறகு சாப்பிடுவோம்.

ஒன்று மட்டும் மறக்காமல் கொண்டு வா. குசினி மேசையில் இருந்து நீ எழுதிய அந்தக் கடிதத்தின் பிரதி உன்னிடம் இருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதத்தை நான் பக்கத்தில் நின்று எழுதுவித்தேன். பிள்ளையைக் கொண்டுவந்த கடிதத்தை இன்னும் என் கண்ணால் காணவில்லை.

உன்
தெய்வம்